ஒற்றைத் துகளின் சாட்சி

"மேடம், இந்தச் செடி பொய் சொல்லுது."

ஜெபராணி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

"என்ன சொல்லுது?"

"ஒரு மரபணுவைக் கேட்டா, நான் வாளிலைக் குலம்னு சொல்லுது. அடுத்ததைக் கேட்டா, இல்ல, சிமிழ்ப்பூக் குலம்னு சொல்லுது. பாதி அப்படி, பாதி இப்படி."

"பொய் சொல்லுதவங்க ஒரே கதையத்தான் சார் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க."

நெல்லைநாயகம் கையிலிருந்த அச்சுத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"கையைக் கழுவிட்டு மறுபடியும் முதல்லேருந்து எடுங்க," என்றார் ஜெபராணி.

*

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு சீடரை சார் என்பார். சீடர் குருவை மேடம் என்பார். பொதிகை மலையடிவாரத்து அந்த ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நெல்லைநாயகத்துக்குத்தான் முதலில் வணக்கம் வைப்பார்கள். அவர் பதறிப்போய் உள்ளறையைக் கைகாட்டுவார்.

அவர் சேர வந்த நாளில் ஜெபராணி இரண்டே கேள்விதான் கேட்டார்.

"கம்ப்யூட்டர் தெரியுமா சார்?"

"மெயில் பாப்பேன்."

"செடி தெரியுமா?"

"அது தெரியும்."

"அப்ப சேந்துக்கிடுங்க. முதல்ல கேட்டதை ஆறு மாசத்துல சொல்லிக் குடுத்திரலாம்."

அங்கே நடக்கும் வேலையை இப்படிச் சொல்லலாம். எந்தச் செடியானாலும் அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதன் சங்கதி முழுவதும் நாலே எழுத்தில் எழுதிக் கிடக்கிறது. அதைப் படித்து, மற்றச் செடிகளில் எழுதியிருப்பதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எதற்கு அக்காள், எது தூரத்துச் சித்தப்பா மகள் என்று முறை தெரிந்துவிடும். பூக்கிற செடிகள் எல்லாமே எங்கோ ஒரு வகையில் சொந்தம்தான். எந்த வகையில் என்பதுதான் கேள்வி.

நெல்லைநாயகத்துக்கு ஒரே ஒரு செடியின் முறைதான் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக முப்பது வருஷமாகக் காத்திருந்தார்.

*

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம். அவர் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். பொதிகையில் நாலாயிரம் அடிக்கு மேலே ஒரு சரிவில் அந்தச் செடியைப் பார்த்தார்.

இடுப்பு உயரம். இலை நீளமாக, கூராக, அசல் வாளிலைக் குலத்து இலை. பூவோ சின்ன மூடிச் சிமிழ் மாதிரி, அசல் சிமிழ்ப்பூக் குலம். இரண்டு குலமும் ஒன்றுக்கொன்று எட்டாத உறவு. வாளிலைச் செடியில் சிமிழ்ப்பூ பூத்ததாக எந்த நூலிலும் இல்லை.

செடியை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார்.

ஒரு கிளையை ஒடித்து, தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, கெட்டி அட்டையில் ஒட்டினார். உலர்ந்த செடியை அட்டையில் கோந்து வைத்து ஒட்டுவதுதான் வழக்கம். அந்தக் கிளையில் ஒரே ஒரு பூ. அது உதிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் காம்பில் ஒரு சொட்டுக் கோந்து கூடுதலாக வைத்தார். ஒட்டியது என்னவோ அட்டையோடுதான். ஆனால் கோந்து கணுவரைக்கும் வழிந்துவிட்டது.

அதை, செடிகளுக்குப் பெயரிடும் பெரிய நிபுணர் தணிகாசலத்துக்கு அனுப்பினார். தணிகாசலம் ஒரு செடியைப் பார்த்து இன்னது என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பதில் கல்லூரி முதல்வரின் பெயருக்கே வந்தது. மூன்றே வரி.

"இலை ஒரு செடியுடையது. பூ வேறு செடியுடையது. நடுவில் கோந்து இருக்கிறது."

முதல்வர் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். சாயங்காலத்துக்குள் மாணவர்களுக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் கரும்பலகையில் ஒரு கோந்து பாட்டில் வரைந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் கோந்து சார்.

அடுத்த வருஷம் அதே சரிவுக்குப் போனார். மழையில் மண் சரிந்து, செடி இருந்த இடமே இல்லை. அதற்கடுத்த வருஷமும் போனார். பிறகு போவதை விட்டுவிட்டார். ஓய்வுபெற்ற நாளில் பையன்கள் வண்ணக் காகிதம் சுற்றி ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்தால் கோந்து பாட்டில். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுமாதம் மறுபடி மலையேறினார். சரிவில் இல்லை. ஆனால் அதற்கு அப்பால் ஓர் ஓடைக்கரையில் எட்டுச் செடிகள் நின்றன. வனத்துறை அனுமதி வாங்கி, ஒரு துண்டு வெட்டி வந்து, அதைத் தொட்டியில் பிழைக்கவைத்து, தொட்டியோடுதான் ஜெபராணியிடம் வந்து சேர்ந்தார்.

*

கையைக் கழுவிவிட்டு மறுபடியும் எடுத்தார்.

இலையை அரைத்துச் சாறு எடுத்துப் படித்தார். பாதி வாளிலை, பாதி சிமிழ்ப்பூ.

தண்டிலிருந்து எடுத்தார். அதேதான்.

வேர் நுனியிலிருந்து எடுத்தார். அதேதான்.

மூன்றாவது முறை கணினி தானாகவே சிவப்பில் ஒரு வரி எழுதிக் காட்டியது: இரண்டு செடிகளின் சாறு கலந்திருக்கலாம்.

தணிகாசலத்துக்காவது அவர் மேல் சந்தேகம் வரக் கோந்து இருந்தது. இந்த இயந்திரத்துக்கு அவரை யாரென்றே தெரியாது. அதுவும் அதையே சொல்கிறது.

மாதக் கடைசியோடு ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கொடுத்த காலம் முடிகிறது. இன்னும் பத்தொன்பது நாள்.

நெல்லைநாயகம் கெட்ட மனுஷர் அல்ல, பயந்த மனுஷர். பயந்த மனுஷர் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

சிமிழ்ப்பூப் பக்கம் சாய்கிற மரபணுக்களை எல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கினார். இலையில்தானே முதலில் சாறு எடுத்தோம், இலையின் குலம்தானே உண்மையாக இருக்கும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பொறுக்கியதைக் கணினியில் தனிக் கோப்புறையில் போட்டு, மேலே "கலப்படம்" என்று எழுதி மூடினார். மிச்சத்தை வைத்து வம்சாவளி வரைந்தார்.

அழகாக வந்தது. ஒரே அடிமரம், ஒரே கிளை. கிளை நுனியில் அவருடைய செடி, வாளிலைக் குலத்தின் கடைக்குட்டியாக. பிசிறு இல்லை, முரண் இல்லை.

அச்சடித்து எடுத்துக்கொண்டு போனார்.

*

ஜெபராணி படத்தை மேசையில் விரித்து, நிதானமாகப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு."

"ஆமா மேடம்."

"எவ்வளவு தள்ளுனீங்க?"

நெல்லைநாயகம் படத்தின் ஓரத்தை நேராக்கினார்.

"பாதி."

ஜெபராணி எழுந்து போய், தோட்டச் சாமான் வைத்திருக்கும் அலமாரியைத் திறந்தார். செடி வெட்டும் கத்தரி ஒன்றை எடுத்துவந்து படத்தின் மேல் வைத்தார்.

"அப்ப செடியிலயும் அந்தப் பாதிய வெட்டிட்டு வாங்க."

நெல்லைநாயகம் சிரித்தார். ஜெபராணி சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்க மேடம்."

"விளையாடல சார். பாதி இந்தச் செடி இல்லன்னு எழுதியிருக்கீங்க. இல்லாததை எதுக்குத் தண்ணி ஊத்தி வளக்கணும்? போங்க."

*

கண்ணாடிக் கூடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள். பிறகு கத்தரியைப் பார்த்தாள்.

"என்னா சார், அதையா வெட்டப் போறிய?"

"ம்."

"வந்து ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் ஒத்தைப் பூ பூத்திருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"பாதியத்தான் வெட்டணும்."

"எந்தப் பாதிய?"

"அதான் தெரியல."

"தெரியாமயா கத்தரியத் தூக்கிட்டு வந்திய?" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். ஆனாலும் ஒரு கண் இங்கேதான் இருந்தது.

நெல்லைநாயகம் தொட்டி முன்னால் நின்றார்.

பூவை வெட்டினால் போதும் என்று முதலில் தோன்றியது. அதுதானே சிமிழ்ப்பூ. காம்பில் கத்தரியை வைத்தார்.

வைத்த கை நின்றுவிட்டது.

தான் தள்ளிவைத்த பாதி கலப்படம் என்றால், இந்தப் பூ எங்கிருந்து வந்தது? சிமிழ் செய்யத் தெரிந்த மரபணு ஒன்றுகூட இந்தச் செடிக்குள் இல்லை என்று அவர்தான் இப்போது அச்சடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பூவோ அவர் கைக்குள் இருக்கிறது.

கத்தரியை இலைக்குக் கொண்டுபோனார். இந்த இலையை அரைத்தபோதும் பாதி சிமிழ்ப்பூதான் வந்தது. இலையை நடுவில் கிழித்தால் இந்தப் பக்கம் வாளிலை, அந்தப் பக்கம் சிமிழ்ப்பூ என்றா இருக்கும்? தண்டுக்குப் போனார். வேருக்குக் குனிந்தார். எங்கே வைத்தாலும் கத்தரிக்கு இரண்டு பக்கமும் இரண்டும் இருந்தன.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் போகவில்லை.

பேச்சித்தாய் திரும்பி வந்தாள்.

"சார், பெருவிரலப் பாருங்க. மஞ்சளா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

பார்த்தார். பூவைப் பிடித்த விரலில் மகரந்தம் அப்பியிருந்தது. ஊதினால் பறந்துவிடும் தூள். ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு.

நெல்லைநாயகம் ஊதவில்லை. பெருவிரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அறுபத்தொரு வயசு மனுஷர் நடைபாதையில் ஓடினார்.

*

"வெட்டியாச்சா சார்?"

"வெட்ட முடியல மேடம்."

"ஏன்?"

"எங்க வெட்டுனாலும் ரெண்டும் இருக்கு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

"நீங்க சொன்னா போதுமா?"

"போதாது. முப்பது வருஷமா நான் சொல்லித்தான் பாத்தேன்." பெருவிரலை ஜெபராணியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல ஒரு துகள் சொல்லட்டும். ஒரே ஒரு துகள். ரெண்டு செடி கலந்திருந்தா, ஒரு துகள் ஏதாவது ஒரு செடியிலேருந்துதான் வந்திருக்கணும். ஒரு குலம்தான் பேசும். ஒத்தைத் துகளுக்குள்ளயே ரெண்டும் பேசிச்சுன்னா..."

அவருக்கு மூச்சு வாங்கியது.

ஜெபராணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?"

"அது எதுக்கு இப்ப? பூரி."

"பூரி எதுல போடுவாங்க?"

"கோதுமை மா..." என்று சொல்லும்போதே நெல்லைநாயகத்தின் வாய் அப்படியே நின்றது.

கோதுமை மூன்று புல்லினங்கள் கூடிப் பிறந்த பயிர். மூன்றின் மரபணுவும் ஒவ்வொரு மணிக்குள்ளும் அப்படியே இருக்கிறது. அவர் போட்டிருந்த சட்டையின் பருத்தியும் அந்த வகைதான், இரண்டு இனங்கள் சேர்ந்தது. வெவ்வேறு இனத்துக்குப் பிறக்கிற பிள்ளை பெரும்பாலும் மலடாகப் போகும். எப்போதாவது ஒரு முறை உள்ளே இருக்கிற மொத்தமும் இரட்டித்துவிடும். இரட்டித்தால் விதை பிடிக்கும், வம்சம் ஓடும். பூக்கும் செடிகளின் கதை நெடுக இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருஷம் இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் படம் போட்டு நடத்திய பாடம்.

நெற்றியில் அறைந்துகொண்டார். நெற்றியெல்லாம் மஞ்சளாயிற்று.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மேடம்?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் சொல்லியிருந்தா, ஊரு கேக்கும்போது 'மேடம் சொன்னாங்க'ன்னுதான சார் சொல்லுவீங்க?"

*

ஒரு மகரந்தத் துகளைத் தனியாக எடுப்பது சொல்ல எளிது.

கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இழுத்து, முடியைவிட மெல்லிய ஊசி செய்ய வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே அந்த ஊசி நுனியால் ஒரு துகளைத் தொட்டெடுத்து, சின்னக் குப்பியில் இறக்க வேண்டும். அறுபத்தொரு வயதுக் கை நடுங்கும். முதல் நாள் மின்விசிறிக் காற்றில் எல்லாம் பறந்தது. இரண்டாம் நாள் விசிறியை நிறுத்தினார். வியர்வை வழிந்து கண்ணில் விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு துகள் ஊசியில் ஒட்டியது. அந்தச் சந்தோஷத்தில் தும்மிவிட்டார்.

நாலாம் நாள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு குப்பியில் பன்னிரண்டு துகள்.

ஜெபராணி வந்து பார்த்தார்.

"இன்னும் மூணு குப்பி வைங்க. ஒண்ணுல சுத்தமான வாளிலைச் செடியோட துகள். ஒண்ணுல சுத்தமான சிமிழ்ப்பூச் செடியோட துகள்."

"மூணாவதுல?"

"ஒண்ணும் போடாதீங்க."

"வெறும் குப்பியா?"

"வெறும் குப்பி பேசிச்சுன்னா நாம வாயத் திறக்கக் கூடாது சார். அதுக்குத்தான்."

பதினைந்து குப்பிக்கும் ஜெபராணியே எண் போட்டார். எந்த எண் எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். படிக்கிற இயந்திரத்துக்குக் குப்பிகள் போயின. ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஒன்பது நாளும் நெல்லைநாயகம் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது. காலையில் வந்ததும் கண்ணாடிக் கூடத்துக்குப் போய்ச் செடி முன்னால் நிற்பார். பேச்சித்தாய் அவரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் விடுவாள்.

*

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு முடிவு வந்தது.

நெல்லைநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம். என்னால முடியாது."

ஜெபராணி மேசையைத் திறந்து சீட்டை எடுத்தார். ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டுப் படித்தார்.

"ஏழாம் நம்பர், வெறும் குப்பி. ஒண்ணும் பேசல."

நெல்லைநாயகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலாம் நம்பர், வாளிலை. வாளிலைன்னு மட்டும்தான் சொல்லுது. பதினொண்ணு, சிமிழ்ப்பூ. சிமிழ்ப்பூ மட்டும்தான்."

"சரி."

"ஒண்ணாம் நம்பர், உங்க செடி."

ஜெபராணி நிறுத்தினார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், இதை நான் படிக்க மாட்டேன். நீங்களே வந்து பாருங்க."

அவர் திரும்பினார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது அவர் மூக்கில்தான் இருந்தது.

திரையில் வரிசை வரிசையாக மரபணுக்கள். அந்த ஒற்றைத் துகளில் படிக்கக் கிடைத்தவை மூவாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பிரதிகள். ஒன்று வாளிலைப் பக்கம், ஒன்று சிமிழ்ப்பூப் பக்கம். ஜோடி, ஜோடி, ஜோடி. அவர் விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனார். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இடம் காலி. மற்றதெல்லாம் ஜோடி.

"ரெண்டாம் நம்பர்?"

"ஜோடி."

"மூணு?"

"ஜோடி சார்."

"அஞ்சு?"

பன்னிரண்டு துகளும் ஒரே வாக்காகச் சொல்லின. ஒன்றில் காலியாக இருந்த இடம் இன்னொன்றில் நிரம்பியிருந்தது. பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு மலைச்சரிவில் ஒரு வாளிலையும் ஒரு சிமிழ்ப்பூவும் கூடியிருக்கின்றன. பிறந்த பிள்ளை மலடாகச் செத்துப்போகாமல், இரட்டித்து, விதைத்து, பொதிகை மேல் நாலாயிரம் அடியில் இந்த நூற்றாண்டு வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாத ஒரு துகளுக்குள் இரண்டு வம்சமும் முழுசாக இருக்கின்றன.

நெல்லைநாயகம் கத்தினார். என்ன கத்தினார் என்று யாருக்கும் புரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கண்ணாடிக் கூடத்திலிருந்து பேச்சித்தாய் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"என்னாச்சு சார்?"

"ஒரே செடி பேச்சித்தாய்! அது ஒரே செடி!"

"அது எனக்கு எப்பமோ தெரியுமே," என்றாள் பேச்சித்தாய். "ஒரு தொட்டிக்குத்தான தண்ணி ஊத்துதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நெல்லைநாயகம்தான் அதிகமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

*

நாலே நாளில் கட்டுரை தயாரானது.

"அனுப்புறதுக்கு முன்னால ஒரு போன் பேசணும்," என்றார் ஜெபராணி.

"யாருக்கு?"

"தணிகாசலம் சாருக்கு."

நெல்லைநாயகத்தின் முகம் இறுகியது. தணிகாசலத்துக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நெல்லைநாயகம் முப்பது வருஷமாக யோசித்து வைத்திருக்கிறார். குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் உதடு அசையச் சொல்லிப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களைப் பயமுறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லிலும் முள் வைத்த பேச்சு அது.

"பேசுதேன்," என்றார். "போடுங்க."

ஜெபராணி எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"யாரு?" மெலிந்த குரல்.

"நெல்லைநாயகம். தொண்ணூத்தி மூணுல உங்களுக்குச் செடி ஒட்டின தாள் ஒண்ணு அனுப்பினேன். வாளிலையில சிமிழ்ப்பூ."

"ஞாபகம் இருக்கு. சொல்லுங்க."

சொன்னார். இலை, தண்டு, வேர். துகள். பன்னிரண்டு குப்பி. கிழவர் குறுக்கே பேசவே இல்லை. முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெறும் குப்பி ஒண்ணு வச்சீங்களா?"

"வச்சோம்."

"அது?"

"ஒண்ணும் பேசல."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"அப்ப நான்தான் தப்பு," என்றார் தணிகாசலம். "முழுத் தப்பு. வெந்நீரில் ஊறவச்சுக் கோந்தைக் கரைச்சுப் பார்த்திருந்தா, பூ அந்தக் கிளையோடதுதான்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதுகூடச் செய்யலை. கோந்தைப் பார்த்தேன், எழுதிட்டேன்."

நெல்லைநாயகம் தன் பேச்சை ஆரம்பிக்க வாயெடுத்தார்.

"இருங்க, நான் முடிக்கலை," என்றார் கிழவர். "உங்களோடது மட்டும் இல்லை நெல்லைநாயகம். இலை ஒரு குலம், பூ ஒரு குலம். உங்களோடது போக இன்னும் ஒன்பது தாள் என்கிட்ட இருக்கு. ஒன்பதும் ஒவ்வொரு மலையிலேருந்து வந்தது. ஒன்பது பேருக்கும் அதே கடிதத்தைத்தான் எழுதினேன். தாளை மட்டும் தூக்கிப்போட மனசு வரலை. அலமாரியில இருக்கு."

ஜெபராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒன்பது மலை, ஒன்பது செடி, யாரும் படிக்காத ஒன்பது கதை. அவர் கை ஏற்கெனவே ஜீப் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

"அனுப்பி வைக்கட்டுமா?" என்றது குரல்.

"வேண்டாம் சார். நாங்களே வாறோம். இப்பவே கிளம்புதோம்," என்றார் ஜெபராணி.

நெல்லைநாயகம் போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் இழுத்தார்.

"தாள் அலமாரியிலயே இருக்கட்டும். நாங்க வாறதுக்குள்ள அந்த ஒன்பது பேரோட விலாசத்தையும் தேடி எடுத்து வைங்க."